வூயி மலையின் புகைத் தேயிலை: ஆறு நாள் குறிப்புகள்

முதல் நாள்: ஃபூஜோவிலிருந்து வூயிஷான்

குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலை மாதிரிகளைச் சுவைத்துக் குறிப்பெழுதும் வேலையில் இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்தவன் நான். எங்கள் குறிப்பேட்டில் 'புகை' என்ற சொல் குறைகளின் வரிசையில்தான் வரும். உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடு தரும் அடுப்பின் குழாயில் விரிசல் விழுந்தால், விறகுப் புகை சூடான காற்றோடு சேர்ந்து இலையில் ஏறிவிடும். அந்த லாட்டை வாயில் வைத்த கணமே அது தெரிந்துவிடும், விலையும் சரிந்துவிடும். ஒரு தொழிற்சாலையின் இரண்டு நாள் உற்பத்தியை அந்த ஒற்றைச் சொல்லை எழுதி நான் ஒதுக்கியதும், அதன் மேலாளர் ஓராண்டு என்னோடு பேசாமல் இருந்ததும் உண்டு. அப்படிப்பட்டவன், அதே புகையை இலைக்கு ஊட்டுவதற்கென்றே மரமாடி கட்டிப் பைன் விறகு எரிக்கும் ஊரைத் தேடி, ஓய்வு பெற்ற கையோடு சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்கு வந்திருக்கிறேன்.

தேடி வந்த தேயிலைக்கு உள்ளூரில் ஜெங்ஷான் ஷியாவோஜொங் என்று பெயர். உலகச் சந்தையில் அதுவே லாப்சாங் சூச்சாங். ஷியாவோஜொங் என்றால் 'சிறிய வகை' என்று பொருள், சூச்சாங் என்பது அதன் தெற்கத்திய உச்சரிப்பு. குன்னூரில் இலைத் தரங்களைப் பிரிக்கும்போது பீக்கோ, சூச்சாங் என்று நாள் முழுவதும் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு சொற்களும் தென்சீனத் துறைமுகங்களில் கப்பலேறியவை. நம் 'தேயிலை'யில் இருக்கும் 'தே'யும் அப்படிக் கடல்வழியே வந்ததுதான். தெற்கு ஃபூஜியனின் மின்னான் பேச்சில் இன்றைக்கும் தேநீரைத் 'தே' என்றே சொல்கிறார்கள். நாம் கறுப்புத் தேயிலை என்று அழைப்பதைச் சீனர்கள் டிகாஷனின் நிறத்தைப் பார்த்துச் 'சிவப்பு' என்கிறார்கள். அந்தச் சிவப்பில் முதலில் பிறந்தது ஷியாவோஜொங்தான் என்பது பரவலான கருத்து.

ஃபூஜோவிலிருந்து அதிவேக ரயிலில் சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து வந்த பயணத்தில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. மாலையில் விடுதிக்குப் பக்கத்துக் கடையில் எனக்குக் கிடைத்த முதல் கோப்பை புகைத் தேயிலையும் அல்ல. வூயி மலைக்கு இன்று பெரும்பணம் ஈட்டித் தருவது யான்சா எனப்படும் பாறைத் தேயிலை. அதைக் கரிக் கங்கின் மேல் மூங்கில் கூடையில் வைத்து மணிக்கணக்கில் வாட்டுகிறார்கள், ஆனால் கங்கின் மேல் சாம்பலைக் கனமாகப் போர்த்தி, இழை அளவு புகையும் எழாதபடி காவல் காக்கிறார்கள். புகை பட்டால் அந்தத் தேயிலை கெட்டுப்போயிற்று என்று கடைக்காரர் கையை வீசிக் காட்டினார். குன்னூர்க்காரனுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒரே மலைத்தொடரில் ஒரு வீட்டார் புகையைத் துரத்துகிறார்கள், இன்னொரு வீட்டார் அதை விருந்துக்கு அழைக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: ஷிங்சுன்

ஒன்பது வளைவு ஆற்றின் கரையில் இருக்கும் சிற்றூர் ஷிங்சுன். சுற்றுலாப் பயணிகள் மூங்கில் தெப்பத்தில் ஏறுவதற்கு இங்கே வருகிறார்கள். தேயிலைக்காரர்களுக்கு இது பழைய சந்தை. 'ஷிங்சுன் வந்து சேராத தேயிலை மணக்காது' என்று ஒரு பழமொழியே உண்டு. ஆற்றைப் பின்தொடர்ந்து மேலே ஏறினால் டோங்மு வருகிறது. ஜெங்ஷான் என்றால் 'மெய்யான மலை'. அந்த மெய்யான மலை டோங்முவும் அதைச் சுற்றியுள்ள உயர்ந்த பள்ளத்தாக்குகளும்தான். மற்ற இடத்தில் செய்வதெல்லாம் 'வெளிமலை'.

மெய்யான மலைக்குள் என்னால் போக முடியவில்லை. டோங்மு 1979இல் அமைந்த இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கிறது. வூயி மலை 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் சீனா அறிவித்த முதல் ஐந்து தேசியப் பூங்காக்களில் ஒன்றாகவும் ஆனது. சாலையில் சோதனைச் சாவடி இருக்கிறது, வெளிநாட்டவர்கள் முன் அனுமதி இல்லாமல் தாண்ட முடியாது, ஊரிலிருந்து நான் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வரவே இல்லை. 1849இல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீன உடையும் பின்னலுமாக மாறுவேடத்தில் இந்த மலைக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தேயிலை இரகசியங்களைத் திரட்டிக்கொண்டு போனார். அந்தக் கதையை அறிந்தவர்கள் என் கடவுச்சீட்டைப் பார்த்துத் தலையசைத்து மறுத்ததைக் குறை சொல்ல எனக்கு நியாயமில்லை.

நான் போக முடியாத இடத்திலிருந்து தேயிலை இறங்கி வந்தது. விடுதி உரிமையாளரின் ஏற்பாட்டில், டோங்முவில் குடும்பத் தோட்டம் வைத்திருக்கும் முப்பது வயது இளைஞர் ஒருவர் இரண்டு தகரப் பெட்டிகளோடு ஷிங்சுன் வந்து சேர்ந்தார். மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். புகைத் தேயிலை பிறந்த கதையை எல்லோரும் சொல்வதுபோலவே அவரும் சொன்னார்: மிங் வம்சம் சரிந்த காலத்தில் மலையைக் கடந்த படைவீரர்கள் தேயிலைக் கொட்டிலில் இரவு தங்கினார்கள், பறித்துப் போட்ட இலை கவனிப்பாரின்றிக் கிடந்து சிவந்துவிட்டது, வீணாகாமல் இருக்க வீட்டார் அவசரமாகப் பைன் விறகை மூட்டி உலர்த்தினார்கள். கதையைக் கதையாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் அதில் தொழில் தெரிந்தவன் நம்பக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. மேகம் கவிந்த, மழை விடாத இந்த மலையில் மே மாதத்துக் கொழுந்தை வெயிலில் வாட்டுவது நடக்காத காரியம். அடுப்பு மூட்டித்தான் ஆகவேண்டும், அடுப்புக்குக் கைக்கெட்டிய விறகு பைன்.

மூன்றாம் நாள்: புகைமாடி

டோங்முவின் புகைமாடிகளைச் 'சிங்லோ' என்கிறார்கள். அவற்றை நான் பார்த்தது இளைஞரின் கைபேசியில் இருந்த காணொளியில் மட்டுமே. நேரில் பார்த்தது ஷிங்சுனுக்கு வெளியே, காப்பக எல்லைக்கு இப்பால், ஒரு பெண்மணி தன் மாமனார் காலத்து முறையில் நடத்திவரும் சிறிய மாடி. இலை வெளிமலை இலைதான், வேலை மட்டும் பழைய வேலை.

கட்டடம் முழுவதும் மரம். தரைத்தளத்தில் அடுப்புகள், பைன் கட்டைகள் கொழுந்துவிட்டு எரியாமல் கனிந்து புகையும்படி அவற்றின் வாயைக் கல் வைத்து ஒடுக்கியிருக்கிறார்கள். மேல்தளங்களுக்குப் பலகைத் தரை கிடையாது. இடைவெளி விட்ட மூங்கில் கழிகளின் மேல் பாய் விரித்து, பச்சைக் கொழுந்தைப் பரப்பியிருக்கிறார்கள். கீழிருந்து எழும் சூடும் புகையும் முதலில் அடுக்குச் சட்டங்களில் வைத்த தட்டுகளில் உலர்ந்துகொண்டிருக்கும் தேயிலையைத் தொட்டு, பிறகு மேலே ஏறி வாடிக்கொண்டிருக்கும் கொழுந்தைத் தொடுகின்றன. ஒரே நெருப்பு இரண்டு வேலை செய்கிறது. ஏணியில் பாதி ஏறியதுமே கண் எரிந்து நீர் வழிந்தது. இடம் பழகும்வரை ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை எடுத்தபோது உள்ளங்கை ஒட்டியது. ஆண்டுக்கணக்கில் படிந்த பைன் பிசினும் கரியும் சேர்ந்து அந்தத் தூண் கறுப்பு மெருகு பூசியதுபோல மின்னியது. சிறுவயதில் பாட்டி வீட்டு அடுப்புக்கு மேல், வண்டு விழாமல் இருக்கக் கட்டித் தொங்கவிட்ட விதைச் சோளக் கதிர்களும் அவற்றுக்குப் பின்னால் கறுத்துக் கிடந்த உத்தரமும் நினைவுக்கு வந்தன.

வாடிய இலையை உருட்டுகிறார்கள். கூடையில் அடைத்து, ஈரத்துணி போர்த்திச் சிவக்க விடுகிறார்கள். இதற்குப் பிறகு நடப்பதை நான் எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை. சிவந்த இலையை ஏறத்தாழ 200 பாகை சூட்டில் இருக்கும் இரும்பு வாணலியில் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் வெறுங்கையால் புரட்டி எடுக்கிறார்கள். 'சிவப்பு வாணலி கடத்தல்' என்பது அந்தப் படியின் பெயர். பச்சை நெடியை விரட்டுவதற்கும், சிவத்தலை உரிய இடத்தில் நிறுத்துவதற்கும் அது பயன்படுகிறது. புரட்டும்போது எழுந்த மணம் புகையே இல்லாத மணம். வெந்த பழத்தின் மணம். மீண்டும் ஒருமுறை உருட்டிய பிறகுதான் இலை, ஈரம் மாறாமல், மூங்கில் தட்டுகளில் ஏறிப் புகைக்குள் போகிறது. அங்கே எட்டு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது.

அந்த ஈரம்தான் முக்கியம் என்று பெண்மணி திரும்பத் திரும்பச் சொன்னார். இலை ஈரமாக இருக்கும்போது புகை உள்ளே போகும், காய்ந்த பிறகு காட்டினால் மேலே படியும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலான புகைத் தேயிலை, சாதாரணமாகச் செய்து முடித்த முரட்டு இலையைப் பின்னர் புகையில் போட்டு எடுத்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இவ்வளவு தூரம் வந்ததாகக்கூட வைத்துக்கொள்ளலாம். குன்னூரில் குழாய் விரிசலால் வந்த புகையும் இந்த இரண்டாவது வகைதான்: கடைசிக் கட்டத்தில், ஈரம் வற்றும் வேளையில், அழைக்காமல் வந்து ஒட்டிக்கொண்ட புகை.

விறகு அவர்களுடைய பெரிய கவலை. எரிப்பது 'குதிரைவால் பைன்' என்ற உள்ளூர் மரம். காப்பகத்துக்குள் மரம் வெட்டக் கூடாது. வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்றால், பைன் மரங்களைக் கொல்லும் நூற்புழு நோய் பரவாமல் இருக்கப் பைன் கட்டைகளை மலைக்குள் ஏற்றுவதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. டோங்முவில் பல சிங்லோக்கள் அடுப்பணைந்து நிற்பதாக இளைஞர் சொன்னார். புகை காட்டாத தேயிலைக்கு இப்போது நல்ல விலை கிடைப்பதும் இன்னொரு காரணம். 2005இல் டோங்முவில் மொட்டை மட்டும் கிள்ளிச் செய்யத் தொடங்கிய ஜின் ஜுன் மெய் அப்படிப் புகையில்லாமல் செய்த தேயிலைதான், அது வந்த பிறகு சீனாவில் சிவப்புத் தேநீருக்கே மவுசு திரும்பியது.

நான்காம் நாள்: ஆறு கோப்பைகள்

விடுதி முற்றத்தில் நீண்ட மேசை கிடைத்தது. கோப்பைக்கு 3 கிராம் இலை, 150 மில்லி கொதிநீர், ஐந்து நிமிடம். சீனர்கள் மூடிக்கிண்ணத்தில் நொடிக்கணக்கில் ஊற்றி ஊற்றி எடுக்கும் முறை குடிப்பதற்கு இனிது; ஒப்பிடுவதற்கு ஈவிரக்கமில்லாத ஐந்து நிமிடமே சிறந்தது, குறை எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. வரிசையில் இருந்தவை: இளைஞர் கொண்டுவந்த டோங்முவின் புகையில்லாத ஷியாவோஜொங், அதே தோட்டத்தின் சென்ற ஆண்டுப் புகைத் தேயிலை, மூன்று ஆண்டு பழகிய புகைத் தேயிலை, பெண்மணியின் மாடியில் இந்த வாரம் இறங்கியது, ஷிங்சுன் சந்தையில் வாங்கிய மலிவான வெளிமலைச் சரக்கு, லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் அனுப்பிய லாப்சாங் பெட்டி.

மலிவுச் சரக்கிலிருந்து தொடங்கியது என் தவறு. உலர்ந்த இலையில் தார் ஊற்றிய சாலையின் நெடியும் கருவாட்டு நெடியும் சேர்ந்து வந்தன. டிகாஷன் கருஞ்சிவப்பு; வாயில் வைத்ததும் புகை முன்னால் வந்து நின்று கதவை அடைத்துக்கொண்டது, பின்னால் ஒன்றுமில்லை. விழுங்கியபின் தொண்டையில் ஒரு வறட்சி. ஆறியதும் புகை விலகி, வெறும் துவர்ப்பும் சப்பென்ற நீரும் எஞ்சின. அடுத்த கோப்பைக்குப் போவதற்கு முன் வெந்நீரால் மூன்று முறை வாய் கொப்பளித்து, கால்மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். புகையில்லாததை முதலிலும் புகை மிகுந்ததைக் கடைசியிலும் வைப்பதே முறை என்பது இந்த வகைக்குப் புதியவன் ஆகையால் எனக்குத் தோன்றவில்லை.

புகையில்லாத டோங்மு தேயிலை தேனும் மலரும் கலந்த மென்மை. ஆனால் அதைக் குடித்ததன் பயன், அதே தோட்டத்தின் சென்ற ஆண்டுப் புகைத் தேயிலையை எடுத்தபோதுதான் தெரிந்தது. மூக்குக்குப் பைன் புகை வந்தது. நாவில் வந்தது வேறு. இவர்கள் அதை 'லோங்கான் கஷாயம்' என்கிறார்கள், லிச்சிக்கு நெருங்கிய உறவான பழத்தை உலர்த்திக் கொதிக்கவைத்த சுவை. லோங்கான் தெரியாத நம்மவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒப்பு கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டால், பதநீர் காய்ச்சிய விறகடுப்பின் வாசமும் இனிப்பும் தனித்தனியாகப் பிரியாமல் வரும். புகை இனிப்பின் நிழல்போலப் பின்னால் நிற்கும். இந்தக் கோப்பையில் இருந்தது அந்த உறவுதான். ஆற ஆறப் புகை தேய்ந்து, இனிப்பு மிஞ்சியது. மலிவுச் சரக்கு ஆறியபோது நடந்ததற்கு இது நேர்மாறு. புகை உள்ளே போயிற்றா, மேலே படிந்ததா என்று தெரியவேண்டுமானால் கோப்பையை ஆறவிட்டுக் குடிக்கவேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்று ஆண்டு பழகியதில் புகை கேட்டால்தான் பதில் சொல்லும். உலர் திராட்சை, பழைய சந்தனப் பெட்டி, சற்றே புளிப்பு. பலர் இதைத்தான் உயர்ந்தது என்கிறார்கள். எனக்கு இதில் புகை அளவுக்கு மேல் அடங்கிவிட்டதாகப் பட்டது. சென்ற ஆண்டுத் தேயிலையே என் தேர்வு. பெண்மணியின் புதுச்சரக்கு கண்ணைக் கரிக்கும் அளவுக்குக் காரம், ஆனால் அதன் சக்கையை முகர்ந்தபோது வாணலியில் எழுந்த அதே வெந்த பழ மணம் இருந்தது. ஓராண்டு பொறுத்தால் இது நல்ல தேயிலை ஆகும். மலிவுச் சரக்கு பத்தாண்டு பொறுத்தாலும் ஆகாது.

லண்டன் பெட்டிதான் புதிர். நெடி சுத்தமாக இருந்தது, ஏறக்குறைய மருந்துபோல. பிசின் வாசம் குறைவு, இலை சிறியது, டிகாஷனில் கனம் போதவில்லை. மர வகைக்கேற்பப் புகை மாறும் என்பதை வேதியியலாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். மரத்தின் லிக்னின் எரிந்து சிதையும்போது குவையகால் முதலிய புகைச் சேர்மங்கள் உண்டாகின்றன. பைனில் அவற்றோடு பிசினின் டெர்பீன் வகைகளும் சேர்கின்றன. லாப்சாங்கின் மணத்தில் மிகுந்திருப்பவை லாஞ்சிஃபோலீன், ஆல்ஃபா டெர்பினியால் என்ற இரண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பின்னது மலர் மணம் கொண்டது. லண்டன் பெட்டியில் குவையகால் பேசுகிறது, டெர்பீன் பேசவில்லை என்பது என் மூக்கின் தீர்ப்பு. ஆய்வுக்கூடத்தில் காட்டிச் சொன்னதல்ல.

ஐந்தாம் நாள்: ஷியாமெய்

வூயிஷானுக்குக் கிழக்கே சிறு கால்வாயின் இருபுறமும் அமைந்த பழைய வணிகர் கிராமம் ஷியாமெய். இங்கே மூட்டை கட்டிய தேயிலை ஆற்றிலும் மலைப்பாதையிலும் வடக்கே போய், மங்கோலியப் புல்வெளியைக் கடந்து, ரஷ்ய எல்லையில் இருக்கும் கியாக்தாவை அடைந்தது. 1727இல் ஏற்பட்ட கியாக்தா ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த வணிகம் சூடுபிடித்தது. ஐரோப்பியக் கடைகளில் 'ரஷ்யன் காரவான்' என்று விற்கும் கலவைத் தேயிலை, ஒட்டக வண்டியோட்டிகளின் கூடாரத் தீயால் வழியில் புகை ஏறியது என்ற கதையோடு வருகிறது. மூட்டைக்குள் இறுக அடைத்த உலர்ந்த இலையில் இரவுத் தீயின் புகை அவ்வளவு ஏறுமா என்பது பெண்மணியின் மாடியைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. இன்றைய கலவைகளில் புகை வருவது அதில் சேர்க்கும் லாப்சாங்கிலிருந்துதான். ஊரிலிருந்து கொண்டுவந்த காரவான் பொட்டலத்தைக் கால்வாய்க்கரைக் கடையில் வெந்நீர் வாங்கிப் போட்டுக் குடித்தேன். புகை பெருங்காயத்தின் அளவில் இருந்தது, தொந்தரவு இல்லை, நினைவிலும் நிற்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு இவ்வூர்ப் பக்கத்தின் பேர்போன புகையூட்டிய பெருவாத்து வந்தது. மிளகாய் தாராளம். அதன்பிறகு மாலைவரை நாக்கு எதற்கும் உதவவில்லை.

ஆறாம் நாள்: பாலும் பயணமும்

கிளம்பும் நாள் காலையில் ஒரு விபரீத ஆசை: பால் ஊற்றிப் பார்ப்பது. நல்ல தேயிலையில் பாலா என்று விடுதி உரிமையாளர் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். ஷியாவோஜொங்குக்கு மட்டும் அது செல்லும் என்று அவரே ஒரு பாக்கெட் பால் எடுத்துவந்தார். சீனத் தேயிலைப் பாடநூல்களிலேயே, பால் சேர்த்தாலும் இதன் மணம் குறையாது என்ற குறிப்பு உண்டாம். சென்ற ஆண்டுத் தேயிலையைக் கடுமையாகக் கொதிக்கவிட்டு, பாலும் ஒரு கரண்டிச் சர்க்கரையும் சேர்த்தபோது வந்த பானத்தின் நிறம் பாகு. சுவை, விறகடுப்பில் சுண்டக் காய்ச்சிய பாலில் போட்ட டீ. நம் கிராமத்துக் கடைகளில் எரிவாயு வருவதற்கு முன் குடித்தவர்களுக்கு அந்தச் சுவை தெரியும். மலிவுச் சரக்கையும் அப்படியே செய்தேன். பால் கெட்டதுதான் மிச்சம்.

ஏற்றுமதியைப் பற்றி உரிமையாளர் கடைசியாக ஒரு செய்தி சொன்னார். ஐரோப்பிய ஒன்றியம் தேயிலையில் ஆந்த்ராகுவினோன் என்ற சேர்மத்துக்குக் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. விறகுப் புகையிலேயே அது உண்டாவதால், பழைய முறைப் புகைத் தேயிலை அந்த வரம்புக்குள் நிற்பது கடினம். அங்கே போகும் சரக்கில் புகை மெலிந்துகொண்டே போகிறது. லண்டன் பெட்டியின் மருந்து நெடிக்கு இதுதான் விடையா என்று கேட்டேன். இருக்கலாம் என்று தோளைக் குலுக்கினார்.

பெட்டி கட்டும்போது மலிவுச் சரக்கை மூன்று உறைக்குள் போட்டு, இரண்டு சட்டைகளால் சுற்றி ஒரு மூலையில் வைத்தேன். இருந்தும் ஃபூஜோ வந்து பெட்டியைத் திறந்தபோது சட்டைகளும் யான்சா பொட்டலமும் தார் மணத்தன. டோங்மு தகரப்பெட்டிகள் இரண்டும் கைப்பையில் இருந்ததால் தப்பின. சென்ற ஆண்டுத் தேயிலையில் ஐம்பது கிராம் எடுத்து, குன்னூர் ஏலக்கூடத்தில் இன்னும் வேலையில் இருக்கும் நண்பருக்காகத் தனியே பொட்டலம் கட்டியிருக்கிறேன். ஊரும் பெயரும் எழுதவில்லை. நம் மாதிரிப் பொட்டலங்களைப்போல ஓர் எண் மட்டும் போட்டிருக்கிறேன். அவருடைய குறிப்பேட்டில் அது எந்த வரிசையில் ஏறுகிறது என்று பார்க்கவேண்டும்.